ஆற்றின் போக்கில் விற்கப்பட்டவர்கள்: ஓர் ஆங்கில மரபுத்தொடரின் வரலாறு

சென்ற பருவத்தில் தில்லியில் நடைபெற்ற ஒரு மொழிபெயர்ப்புப் பயிலரங்கில், முதுகலை மாணவர்களிடம் ஆங்கிலக் கட்டுரைப் பகுதி ஒன்றைத் தமிழாக்கம் செய்யக் கொடுத்திருந்தேன். ஆலைத் தொழிலாளர்களின் சார்பில் பேசச் சென்ற தலைவர், நிருவாகத்தோடு மறைவாக உடன்பாடு செய்துகொண்டு திரும்பியதைப் பற்றியது அப்பகுதி. தொழிலாளர்களின் குமுறலாக அதில் 'சோல்ட் டவுன் த ரிவர்' என்னும் தொடர் வந்தது. ஒரு மாணவர் 'எங்களை நட்டாற்றில் விட்டுவிட்டார்' என்று எழுதினார். ஒரு மாணவி 'எங்களை ஆற்றின் கீழே விற்றுவிட்டார்' என்று எழுதினார். முன்னதைப் பாராட்டினேன். பின்னதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த பிழை என்று கூறிக் கோடிட்டேன்.

அன்று நான் அளித்த தீர்ப்பு தவறு. அத்தொடரின் வரலாற்றைப் பின்னர் ஒழுங்காகப் படித்தபோதுதான் அது விளங்கியது. பிழையைத் திருத்திக்கொள்ளும் முயற்சியாகவே இப்பதிவை எழுதுகிறேன். ஆங்கில இலக்கியம், வரலாறு, மொழிபெயர்ப்பியல் ஆகிய துறைகளில் பயிலும் மாணவர்களுக்கு இது பயன்படலாம்.

முதலில் இன்றைய பொருளைக் காண்போம். நம்பியிருந்த ஒருவரை, அவர் நலனைக் காக்கும் பொறுப்பிலிருந்தவரே தம் ஆதாயத்துக்காகக் காட்டிக்கொடுத்தல் என்பதே அகராதிகள் தரும் பொருளின் சாரம். தொழிற்சங்கத் தலைவர் உறுப்பினர்களையும், அரசு தன் குடிகளையும், கூட்டாளி தன் பங்காளியையும் இவ்வாறு 'விற்கலாம்'. பகைவர் ஒருவர் நமக்குத் தீங்கு செய்தால் அதற்கு இத்தொடர் பொருந்தாது. பகைவரிடம் நாம் நம்பிக்கை வைத்ததில்லை. ஆகவே அவர் அதனை முறிக்கவும் இயலாது.

இனி வரலாறு. இத்தொடரில் வரும் ஆறு கற்பனை ஆறு அன்று. விற்பனையும் உருவகமாகப் பிறந்தது அன்று. ஒஹையோ, மிசிசிப்பி என்னும் இரு பேராறுகளின் நீரோட்டத்தில், மனிதர்களைப் படகேற்றித் தெற்கே கொண்டுசென்று விற்ற வணிகத்தின் பெயராகவே அது 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வழங்கியது. 1830களின் அமெரிக்க நாளிதழ்களில் இத்தொடர் நேர்ப்பொருளிலேயே காணப்படுகிறது.

அவ்வணிகம் தோன்றிய சூழலைச் சுருக்கமாகக் கூறலாம். 1793இல் எலை விட்னி உருவாக்கிய பருத்தி அரைவை எந்திரம், விதையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் வேலையை விரைவாக்கியது. 1803இல் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை ஐக்கிய அமெரிக்கா விலைக்கு வாங்கியது. மிசிசிப்பி, அலபாமா, லூசியானா பகுதிகளில் பருத்தித் தோட்டங்களும் கரும்புத் தோட்டங்களும் பெருகின. அவற்றுக்கு ஆள்கள் தேவைப்பட்டனர். ஆனால் 1808 சனவரி 1 முதல் வெளிநாடுகளிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதைச் சட்டம் தடுத்துவிட்டது.

ஆப்பிரிக்காவிலிருந்து வரும் வழி அடைபட்டதும் உள்நாட்டு வழி திறந்தது. வர்ஜீனியா, மேரிலாந்து, கென்டக்கி முதலிய வடபகுதி அடிமை மாநிலங்களில் புகையிலை வேளாண்மை தளர்ந்திருந்தது. ஆனால் அடிமைக் குடும்பங்கள் இருந்தன. தெற்கே தேவையும் விலையும் கூடுதல். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் உடல்வலிமை மிக்க ஓர் இளைஞரின் விலை 1,500 டாலரைக் கடந்திருந்தது. வடக்கே வாங்கும் விலைக்கும் தெற்கே விற்கும் விலைக்கும் இடையிலான வேறுபாடே வணிகரின் ஊதியம். 1790க்கும் 1860க்கும் இடையில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இவ்வாறு மேல் தெற்கிலிருந்து கீழ்த் தெற்குக்கு இடம்பெயர்க்கப்பட்டனர் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. உரிமையாளரோடு குடிபெயர்ந்தவர்கள் அவர்களில் ஒரு பகுதியினரே. பெரும்பாலோர் விற்பனை வழியே பெயர்க்கப்பட்டவர்கள்.

வழிகள் பல. சங்கிலியால் பிணைத்து நூற்றுக்கணக்கான மைல்கள் நடத்திச் சென்றனர். கிழக்குக் கடற்கரையிலிருந்து கப்பலிலும் அனுப்பினர். 1828இல் அலெக்சாண்டிரியாவில் தொடங்கப்பட்ட பிராங்க்ளின் அண்ட் ஆர்ம்ஃபீல்டு நிறுவனம் இவ்விரு வழிகளிலும் பெருவணிகம் செய்தது. கென்டக்கி, மிசௌரி மாநிலங்களுக்கோ ஆறே நெடுஞ்சாலை. லூயிவில் படித்துறையில் ஏற்றப்பட்டவர் ஒஹையோ ஆற்றின் வழியே சென்று, கேரோ அருகே மிசிசிப்பியில் கலந்து, ஆயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்து நாட்செஸ் அல்லது நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் இறக்கப்படுவார். 1811இல் நீராவிப் படகு இவ்வாறுகளில் ஓடத் தொடங்கியபின் பயணம் விரைவடைந்தது, வணிகமும் விரைவடைந்தது.

இங்கே நிலவியலின் ஒரு முரணைக் கருத வேண்டும். 1787இல் இயற்றப்பட்ட வடமேற்கு ஆணை, ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே அடிமைமுறையைத் தடை செய்திருந்தது. எனவே அதே ஆறு, குறுக்கே கடந்தால் விடுதலை. போக்கில் சென்றால் விற்பனை. கென்டக்கிக் கரையில் நின்ற அடிமை ஒருவர் தம் கண்ணெதிரே இவ்விரண்டையும் கண்டுகொண்டே வாழ்ந்தார். ஹேரியட் பீச்சர் ஸ்டோ 1852இல் நூலாக வெளியிட்ட 'அங்கிள் டாம்ஸ் கேபின்' புதினத்தின் கட்டமைப்பும் இதுவே: எலைசா பனிப்பாளங்களின் மேல் ஓடி ஆற்றைக் கடக்கிறாள், டாம் ஆற்றோடு தெற்கே கொண்டுசெல்லப்படுகிறார்.

தெற்கே விற்கப்படுதல் ஏன் அத்துணை அச்சத்தை விளைவித்தது? லூசியானாவின் கரும்புத் தோட்டங்களில் உழைப்பு கடுமை, வெப்பம், நோய் ஆகியவற்றால் இறப்பு மிகுதி. அதனினும் கொடியது பிரிவு. விற்கப்பட்டவர் தம் துணையையும் பிள்ளைகளையும் மீண்டும் காண்பது அரிது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களுக்கு மடலும் இல்லை. ஆகவே உரிமையாளர்கள் விற்பனையை ஒரு மிரட்டலாகவும் பயன்படுத்தினர். பணியாதவரைத் தெற்கே அனுப்புவேன் என்ற ஒரு சொல்லே சாட்டையின் வேலையைச் செய்தது.

ஆனால் பணிந்தவரும் தப்பவில்லை. விற்பனைக்குக் காரணம் பெரும்பாலும் அடிமையின் நடத்தையில் இல்லை. உரிமையாளரின் கணக்கேட்டில் இருந்தது. கடன் முற்றினால், அடைமானம் மூழ்கினால், உரிமையாளர் இறந்து வாரிசுகள் சொத்தைப் பிரித்தால், முதலில் பணமாக்கப்பட்டவர்கள் இம்மனிதர்களே. 'நல்ல எசமானர்' என்ற நம்பிக்கையின் ஆயுள் அவருடைய கடன்காரர் கதவைத் தட்டும் வரையில்தான். விற்பனையைக் குறித்த சொல் நம்பிக்கைத் துரோகத்தைக் குறிக்கும் சொல்லாக மாறிய இடம் இதுவெனக் கருதுகிறேன்.

இதனை விளக்க ஜோசையா ஹென்சனின் வாழ்க்கையைக் காட்டிலும் பொருத்தமான சான்றை நான் அறியேன். 1789இல் மேரிலாந்தில் பிறந்த இவர், 1849இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். இவருடைய உரிமையாளர் ஐசக் ரைலி 1825இல் கடனில் மூழ்கினார். தம் அடிமைகள் கடன்காரர் கைக்குப் போகாதிருக்க, கென்டக்கியில் இருந்த தம் சகோதரர் அமோஸின் பண்ணைக்கு அவர்களைக் கொண்டுசேர்க்குமாறு ஹென்சனை வேண்டி வாக்குப் பெற்றார். ஹென்சன் தம் குடும்பத்தையும் பிறரையும் அழைத்துக்கொண்டு ஒஹையோ ஆற்றின் வழியே சென்றார். சின்சினாட்டியில், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அவர்களைச் சூழ்ந்து, இக்கரையிலேயே தங்கிவிடுங்கள், இங்கே நீங்கள் விடுதலை பெற்றவர்கள் என்று வற்புறுத்தினர். உடன்வந்தோர் தடுமாறினர். ஹென்சன் கொடுத்த வாக்கை எண்ணிப் படகைத் தள்ளச் சொன்னார்.

1828இல் ஐசக் ரைலி ஆளனுப்பி, ஹென்சனின் குடும்பத்தைத் தவிர மற்றவர்களை விற்றார். தம் சொந்த விடுதலைக்கு 450 டாலர் என்று விலை பேசி, அதில் 350 டாலரை ஹென்சன் ரொக்கமாகச் செலுத்தினார். கென்டக்கி திரும்பியபின், அத்தொகை 1,000 டாலர் என்று ஆக்கப்பட்டிருப்பதை அறிந்தார். அடுத்து, அமோஸின் மகனோடு சரக்கேற்றிய தட்டைப்படகில் நியூ ஆர்லியன்ஸ் செல்லப் பணிக்கப்பட்டார். தாமும் அச்சரக்கில் ஒன்று என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அப்பயணத்தில் படகு விக்ஸ்பர்க்கில் நின்றது. அருகிலிருந்த ஒரு தோட்டத்தைக் காணச் சென்ற ஹென்சன், சின்சினாட்டியில் தாம் தடுத்து அழைத்துவந்தவர்களில் சிலரை அங்கே கண்டார். பசியாலும் உழைப்பாலும் அவர்கள் உருக்குலைந்திருந்தனர். தம் வாழ்வின் மிகத் துயரமான சந்திப்பாக அதனைப் பதிவு செய்கிறார். தாம் காத்த வாக்கு யாருடைய வாழ்வை விலையாகக் கொண்டது என்பது அங்கேதான் அவருக்கு வெளிப்பட்டது. பின்னர் ஓர் இரவு, உறங்கிக்கொண்டிருந்த உரிமையாளரின் மகனைக் கொன்று தப்பக் கோடரியை எடுத்தார். மனச்சான்று தடுக்கக் கீழே வைத்தார். நியூ ஆர்லியன்ஸில் விற்பனை முடியுமுன் அவ்விளைஞன் கடுங்காய்ச்சலில் வீழ்ந்து, தன்னைக் கைவிட வேண்டாம் என்று ஹென்சனிடமே கெஞ்சினான். ஹென்சன் அவனைப் பேணி வீடு கொண்டுவந்து சேர்த்தார். அதே ஆண்டில் மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் வடக்கு நோக்கித் தப்பி, 1830 அக்டோபர் 28 அன்று கனடா மண்ணை மிதித்தார். இம்முறை ஆற்றை அவர் குறுக்கே கடந்தார்.

இத்தொடரின் எல்லா அடுக்குகளும் இவ்வொரு வாழ்வில் உள்ளன: நம்பிக்கை, வாக்கு, கடன், விலை, ஆறு.

1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின் இவ்விற்பனை நின்றது. அதன் விளைவுகள் நிற்கவில்லை. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வெளிவந்த 'சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்' என்னும் இதழில் 1879 முதல் 'இழந்த நண்பர்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் விளம்பரங்கள் வந்தன. பல பத்தாண்டுகளுக்கு முன் விற்கப்பட்டபோது பிரிந்த தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோரைத் தேடியவை அவை. உரிமையாளர்களின் பெயர்களையும் விற்கப்பட்ட ஊர்களையும் வரிசையாகச் சொல்லி, அவ்வரிசையையே உறவின் முகவரியாகத் தந்தனர். அவற்றைத் தேவாலயங்களில் உரக்கப் படிக்குமாறு போதகர்களை இதழ் கேட்டுக்கொண்டது. இத்தொடர் அப்போது எவருக்கும் மரபுத்தொடராக இருந்திருக்க இயலாது.

நேர்ப்பொருளுக்கும் உருவகத்துக்கும் இடையே பாலமாக அமைந்த படைப்பு, மார்க் ட்வைன் 1894இல் வெளியிட்ட 'புட்டன்ஹெட் வில்சன்'. மிசௌரியின் ஆற்றங்கரைச் சிற்றூரில் நிகழும் கதை. தன் குழந்தை என்றேனும் தெற்கே விற்கப்படும் என்று அஞ்சிய ராக்ஸி என்னும் அடிமைத் தாய், அதனை உரிமையாளரின் குழந்தையோடு தொட்டிலில் மாற்றிவிடுகிறாள். எசமானனாக வளர்ந்த மகன் கடனில் சிக்கும்போது, விடுதலை பெற்றிருந்த அவளே தன்னை மீண்டும் விற்றுக் கடனை அடைக்குமாறு முன்வருகிறாள். அவனோ சொன்ன சொல்லை மீறி, அவளைத் தெற்கே பருத்தித் தோட்டத்துக்கு விற்றுவிடுகிறான். விற்பனை இங்கே நேர்ப்பொருளில்தான் நிகழ்கிறது. ஆனால் வாசகர் மனத்தில் பதிவது மகன் தாய்க்குச் செய்த துரோகம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தொடர் அடிமைமுறையோடு தொடர்பற்ற ஏமாற்றுகளுக்கும் வழங்கலாயிற்று. அதன்பின் அரசியல் மேடையும் செய்தித்தாளும் அதனை எடுத்துக்கொண்டன.

பயன்பாட்டில் மாணவர்கள் கருத வேண்டியவை மூன்று. ஒன்று, 'விற்றவர்' நம்பப்பட்டவராக இருத்தல் வேண்டும். இரண்டு, அவருக்கு ஓர் ஆதாயம் இருத்தல் வேண்டும்; அறியாமையாலோ திறமைக் குறைவாலோ நேர்ந்த இழப்புக்கு இத்தொடர் மிகை. மூன்று, விற்கப்பட்டவரின் நிலை முன்னினும் கீழாக வேண்டும். இதனோடு ஒலியில் நெருங்கிய 'அப் த ரிவர்' என்னும் தொடரைக் குழப்பிக்கொள்ளலாகாது. நியூயார்க் நகரிலிருந்து ஹட்சன் ஆற்றின் மேற்போக்கில் உள்ள சிங் சிங் சிறைக்குக் குற்றவாளிகளை அனுப்பியதிலிருந்து வந்தது அது; சிறை செல்லுதல் என்பதே அதன் பொருள். ஆறும் வேறு, கதையும் வேறு.

இப்போது தமிழாக்கத்துக்கு வருவோம். நட்டாற்றில் விடுதல் என்னும் நம் வழக்கில் ஆறு கடக்கப்படுவது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்னவர் இடையில் கைவிடுகிறார். அங்கே குற்றம் கைவிடுதல். கைவிட்டவருக்கு ஆதாயம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. அமெரிக்கத் தொடரில் ஆறு கடக்கப்படுவது அன்று. சந்தைக்குச் செல்லும் சாலை. அங்கே எவரும் கைவிடப்படவில்லை. உரிய விலைக்கு, உரிய பத்திரத்தோடு, பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டனர். அதுதான் கொடுமை. 'நட்டாற்றில் விட்டுவிட்டார்' என்று பெயர்க்கும்போது ஆறு தங்குகிறது, விற்பனை மறைந்துவிடுகிறது. நான் கோடிட்ட மாணவியின் வாக்கியம் தமிழாக ஒலிக்கவில்லை என்பது உண்மையே. எனினும் 'விற்றல்' என்னும் உயிர்ச்சொல்லை அவர் மட்டுமே காத்திருந்தார்.

தமிழில் அப்பொருளுக்கு வழி இல்லாமல் இல்லை. 'எங்களை நம்ப வைத்து விற்றுவிட்டார்' என்று எழுதலாம். உரிமைகளை அடகு வைத்துவிட்டார்கள் என்று நம் அரசியல் மேடைகளில் கேட்கிறோமே, அவ்வழக்கும் சூழலுக்கேற்பப் பொருந்தும். 'விலைபோய்விட்டார்' என்பது துரோகம் செய்தவரின் பக்கமிருந்து அதே நிகழ்ச்சியைச் சொல்வது. ஆறு இல்லாமற் போவது இழப்புத்தான். ஆனால் விலையை இழப்பதைக் காட்டிலும் அது சிறிது.

அடிமைமுறையின் சொல் வேறு பொருளில் கரைந்துபோவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய நிகழ்வன்று. பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள வந்த முதியவர் கையில் இருந்தது ஆளோலை. ஒரு மனிதனும் அவன் வழித்தோன்றல்களும் மற்றொருவருக்கு அடிமை என்பதற்கான ஆவணம் அது. சுந்தரர் அதனைக் கிழித்தெறிய, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்று, மூல ஓலை காட்டப்படுகிறது. அத்தகைய ஆவணமும், அதனை ஆராயும் அவையும் கேட்போர்க்குப் பழகியவையாக இருந்தமையால்தான் அக்கதை பொருள்பட்டது. இன்று ஆட்கொள்ளுதல் என்னும் சொல்லைக் கேட்கையில் நாம் அருளை மட்டுமே எண்ணுகிறோம்; ஓலையை எண்ணுவதில்லை. இரு மொழிகளின் வரலாறும் ஒன்றல்ல. மறதியின் இயக்கம் மட்டும் ஒத்திருக்கிறது.

ஆகவே இத்தொடரைப் பயன்படுத்தவே கூடாதென்று கூறுவது என் நோக்கமன்று. ஆய்வேட்டிலோ மொழிபெயர்ப்பிலோ அதனைக் கையாள்வோர், கிரிக்கெட் அணித் தேர்வில் நேர்ந்த ஏமாற்றத்துக்கும் அதனை எடுத்தாளுமுன் ஒரு கணம் நின்று, இங்கே விற்றவர் யார், விலை என்ன என்று கேட்டுக்கொள்வது நலம். விடை கிடைக்காவிட்டால் வேறு சொல் போதும்.

அம்மாணவிக்கு இதனையெல்லாம் எழுதி, என் கோட்டை அழித்துக்கொள்ளுமாறு கேட்டேன். 'அப்படியானால் ஆற்றை எப்படிக் கொண்டுவருவது, ஐயா?' என்று பதில் எழுதியிருக்கிறார். அதற்கு என்னிடம் இன்னும் நிறைவான விடை இல்லை. நம்பியவரை விலைக்கு மாற்றுதல் என்னும் பொருளில் உங்கள் வட்டாரத்தில் வழங்கும் சொல்லோ தொடரோ இருப்பின், ஊர்ப் பெயரோடு இங்கே குறிப்பிடுங்கள். அடுத்த பயிலரங்கில் அவர் பெயரால் அவற்றைத் தொகுத்து வைக்க எண்ணியுள்ளேன்.